மரத்தில் புகையறை கட்டப்போகிறேன்: அடுப்பை எங்கே வைப்பது, புகையை எப்படி வெளியேற்றுவது?

தூண்டில்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மீனும் இறைச்சியும் புகைபோட மரத்தில் ஒரு சின்ன புகையறை கட்டலாம் என்று இருக்கிறேன். இதுவரை தகர டிரம்மில்தான் போட்டு வந்தேன். அதில் இடமும் பற்றவில்லை, புகையும் சீராக ஏறவில்லை. அடியில் இருப்பது கருகும்போது மேலே இருப்பது பச்சையாகவே தொங்குகிறது. வெளிப்புறம் குளிர்ந்த நாட்களில் டிரம்மின் உள்பக்கம் முழுக்க நீர் வடிகிறது.

என் திட்டம் இதுதான். 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், 2 மீட்டர் உயரம். தரையில் குழி தோண்டி அதில் தீ மூட்டி, நேர் மேலே அறையை நிறுத்திவிடுவேன். புகை வீணாகாமல் இருக்க பலகை இடுக்குகளை எல்லாம் அடைத்துவிட்டு, மேலே திறப்பு எதுவும் வைக்காமல் விடலாம் என்று எண்ணம். கையில் இருப்பவை: சரக்கு ஏற்றும் பேலட் பிரித்த பலகைகள், பழைய பிளைவுட் இரண்டு, பெயின்ட் அடித்த கதவு ஒன்று.

கேள்விகள்: இந்தப் பலகைகள் சரிப்படுமா? எந்த விறகு நல்லது? மீனையும் இறைச்சியையும் ஒரே நேரத்தில் போடலாமா? கட்டிப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சுள்ளி எழுதியது:

பிளைவுட், பெயின்ட் கதவு இரண்டையும் ஓரமாக வையுங்கள் நண்பரே. பிளைவுட்டை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் ஃபார்மால்டிஹைடை விடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பேலட் பலகையில் முத்திரை பாருங்கள். ‘எச்.டி.’ என்றால் சூடேற்றிப் பூச்சி அழித்தது, ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு அடித்தது. எம்.பி. போட்டதைத் தொடவே வேண்டாம். எச்.டி. போட்டதாக இருந்தாலும் அதன்மேல் என்னென்ன சரக்கு கொட்டியதோ, யாருக்குத் தெரியும்? நானாக இருந்தால் வெளித் தாங்கலுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

உளிச்சத்தம் எழுதியது:

தம்பி, மரத்தைப் பற்றி சுள்ளி சொன்னது சரி. ஆனால் உங்கள் திட்டத்தில் எனக்கு முதலில் உறுத்தியது மரம் இல்லை. இடுக்கெல்லாம் அடைத்து, மேலே திறப்பு வைக்காமல், புகையை உள்ளேயே நிறுத்தி வைப்பேன் என்கிறீர்களே, அதுதான். தச்சு வேலைக்காரனான என்னிடம் புகைப்பெட்டி கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் இதையேதான் கேட்பார்கள். நான் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் அளவு நாடாவை எடுப்பேன்.

புகை உள்ளே தங்கக் கூடாது. கீழே நுழைய வேண்டும், மீனைத் தடவிக்கொண்டு மேலேற வேண்டும், போய்விட வேண்டும். காரணம் ஈரம். மீனும் இறைச்சியும் சூடு பட்டதும் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். அதைச் சுமந்துகொண்டு வெளியேற நகரும் காற்றைத் தவிர வேறு ஆள் கிடையாது. வழியை அடைத்தால் கூரையின் உள்பக்கம் வேர்க்கும். அந்த நீரில் புகையின் தார் கரைந்து, பழுப்பாக ஒரு சொட்டு திரளும். கூரைப் பலகையில் அது முதலில் மினுக்கும், பிறகு நடுவில் தொப்பை போடும், பிறகு நேரே கீழே இருக்கும் துண்டின்மேல் விழும். விழுந்த இடம் கறுத்துப் போகும். கழுவினாலும் கசப்பு போகாது, அந்தப் பகுதியை வெட்டி எறியத்தான் வேண்டும். உங்கள் டிரம்மில் நீர் வடிந்ததும் இதே கதைதான். தகரம் சீக்கிரம் குளிர்ந்து வேர்க்கும். மரம் சூட்டைப் பிடித்து வைக்கும், கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். மரத்தில் கட்டுவதன் பெரிய லாபமே அதுதான். அந்த லாபத்தை மேலே மூடிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, வெளியேற வழி இல்லாவிட்டால் அடுப்புக்கும் காற்று இழுக்காது. தணல் மூச்சுத் திணறி, வெள்ளை வெளேரென்று கனத்த புகையாகக் கக்கும். பார்க்க நிறைய புகை வருகிற மாதிரி இருக்கும், ஆசையாகவும் இருக்கும். கண்ணை எரிக்கும் அந்தப் புகையில்தான் தார் அதிகம். உங்களுக்கு வேண்டியது புகைப்போக்கியின் வாயில் லேசான நீலமாக, பின்னால் இருக்கும் மரம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக வரும் புகை. அது வருகிறவரை மீனை உள்ளே தொங்கவிடாதீர்கள்.

அடுத்து அடுப்பு. நேர் கீழே தீ வேண்டவே வேண்டாம். கொழுப்பு சொட்டித் தீயில் விழுந்தால் சட்டென்று சுவாலை கிளம்பும். மேலே இருப்பது காய்ந்த பலகை. மரப் புகையறைகள் எரிந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். அடுப்பைத் தனியாகச் செங்கலில் கட்டுங்கள், தீ படும் உள்பக்கத்துக்குத் தீச்செங்கல் வையுங்கள். அங்கிருந்து 15 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய் ஒன்று, ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு அறைக்குப் போகட்டும். அறையைவிட அடுப்பு தாழ்வாக இருக்க வேண்டும். குழாய்க்கு மீட்டருக்கு 15 செ.மீ.யாவது ஏற்றம் கொடுங்கள். சூடான புகை மேலேறும் என்பதால் மின்விசிறி எதுவும் இல்லாமல் தானே இழுக்கும். சரிவான நிலம் இருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லையென்றால் அறையை மேடையில் ஏற்றுங்கள். ஜி.ஐ. குழாய் மட்டும் வேண்டாம். அடுப்பை ஒட்டிய பகுதியில் அது அளவுக்கு மீறிச் சூடானால் துத்தநாகப் பூச்சு புகைந்து கெடுதல் செய்யும்.

குழாய் அறைக்குள் நுழையும் இடத்தில் மரத்தைத் தொடக் கூடாது. அந்த அடிப்பகுதியைச் செங்கல் வரிசையாகவே கட்டி, அதன்மேல் மரச் சட்டத்தை நிறுத்துவது என் பழக்கம். குழாய் வாயிலிருந்து ஒரு 30 செ.மீ. மேலே, நிறைய துளை போட்ட இரும்புத் தகடு ஒன்றைப் பரப்புங்கள். புகை ஒரே தூணாக நடுவில் ஏறாமல் பரவி வரும், சொட்டும் கொழுப்பையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

அளவைக் குறைக்கலாம். 60 செ.மீ.க்கு 60 செ.மீ., உயரம் ஒன்றரை மீட்டர். வீட்டுத் தேவைக்கு இது தாராளம். பெரிய அறையைச் சூடாக்கவே விறகு தீர்ந்துவிடும்.

பலகை 20 முதல் 25 மி.மீ. தடிமன், நன்றாகக் காய்ந்தது, மருந்தடிக்காதது. ஒரு பலகையின் விளிம்பில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அடுத்ததன் நாக்கு அதில் நுழைகிற மாதிரி நாக்கு இணைப்பாகக் கோர்த்தால் சுருங்கினாலும் இடுக்கு தெரியாது. காடிக்குள் கொஞ்சம் இடம் விட்டுக் கோருங்கள். புகை ஈரத்தில் பலகை ஊதும், இடம் இல்லாவிட்டால் வளைந்து பிதுங்கும். பலகைகளை நெட்டாக நிறுத்தினால் மழைநீர் வழிந்து ஓடும். உள்பக்கம் வார்னிஷ், எண்ணெய், பெயின்ட் எதுவும் கூடாது, வெறும் மரமாகவே இருக்கட்டும். பைன் மாதிரி ஊசியிலை மரங்களின் பலகையை, பிசின் கசியாமல் காய்ந்திருந்தால், சுவருக்குப் பயன்படுத்தலாம். அடுப்பில் மட்டும் அதை வைக்காதீர்கள். பிசின் எரிந்தால் கரிப்புகை, கசப்பு.

கூரையின் உள்பக்கத்தைத் தட்டையாக வைக்காமல் பின்பக்கம் சாயுங்கள். அப்படியும் வேர்த்தால் சொட்டு பின்சுவரில் இறங்கிப் போகும், மீன்மேல் விழாது. கூரையின் உயரமான முன்பக்கத்தில் புகைப்போக்கி, 12 செ.மீ. விட்டமாவது, அதில் திருப்பி மூடும் தகடு ஒன்று. அடுப்பு வாயிலும் காற்றைக் குறைக்கும் கதவு ஒன்று. நான் பழகுபவர்களுக்குச் சொல்வது: மேல் தகட்டைப் பாதிக்கு மேல் மூடாதீர்கள், சூட்டைக் கீழ்க் கதவில் ஆளுங்கள்.

தொங்கவிடும் கம்பி துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய இடத்தில் புகை ஏறாது, வெளிறிய திட்டாக நிற்கும். வெப்பமானியைக் கதவின் உச்சியில் பதிக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. மீன் எந்த உயரத்தில் தொங்குகிறதோ அந்த உயரத்தில் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

முதல் முறை அறையை வெறுமனே சில மணி நேரம் புகைய விடுங்கள். புது மரவாடை போய்விடும், எந்த இணைப்பில் புகை கசிகிறது என்றும் தெரியும். அங்கங்கே லேசாகக் கசிந்தால் பதற வேண்டாம்.

தூண்டில்காரன் எழுதியது:

ஐயா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு மிக்க நன்றி. திட்டத்தையே திருப்பிப் போட்டுவிட்டேன். சின்ன அளவு, தனி அடுப்பு, சாய்ந்த கூரை. பின்பக்கம் நிலம் கொஞ்சம் சரிவுதான், அது உதவும் என்று நினைக்கிறேன்.

ஒரு குழப்பம். குளிர்ந்த புகை, சூடான புகை என்று இரண்டு வகை சொல்கிறார்கள். ஒரே அறையில் இரண்டும் முடியுமா? குளிர் புகையில் போட்டால் மாதக்கணக்கில் கெடாது என்றும் கேள்விப்பட்டேன்.

உப்புமூட்டை எழுதியது:

நான் மீன் பதப்படுத்தும் வேலையில் இருப்பவள். அந்தக் கடைசி வரிக்காகவே எழுதுகிறேன், அதை நம்பிவிடாதீர்கள்.

சூடான புகை என்றால் மீன் வேகிறது. குளிர் புகை என்றால் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மணமும் நிறமும் மட்டும் ஏறுகிறது, மீன் பச்சையாகவே இருக்கிறது. கிருமியைக் கொல்லும் சூடு அதில் கிடையாது. 4 டிகிரியிலிருந்து 60 டிகிரிவரை கிருமிகள் பெருகும் எல்லை, குளிர் புகை முழுக்க அந்த எல்லைக்குள்தான் நடக்கிறது. அங்கே காப்பாற்றுவது உப்பும் உலர்வும், பிறகு குளிர்பதனமும்தான். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரும். கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் குளிர் புகை மீனை அப்படியே சாப்பிடக் கூடாது. கடல்மீனில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். அதற்கு முன்கூட்டியே கழித்தல் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைக்க வேண்டும், உப்பும் புகையும் அதை நம்பகமாகக் கொல்லாது.

இன்னும் பயப்பட வேண்டியது போட்டுலிசம், அதாவது ஒருவகைக் கிருமியின் நஞ்சால் வரும், உயிரையே பறிக்கக்கூடிய உணவு விஷம். மீனோடு சம்பந்தப்பட்ட ‘இ’ வகைக் கிருமி 3.3 டிகிரியிலேயே வளரத் தொடங்கும், காற்று இல்லாத இடம் அதற்குப் பிடிக்கும். புகைபோட்ட மீனை வீட்டில் வாக்கூம் பையில் அடைத்து அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது அதற்கு விருந்து. நாறாது, நிறம் மாறாது, நமக்குத் தெரியவும் தெரியாது. சில நாட்களில் தீராது என்று தோன்றினால் உறைய வைத்துவிடுங்கள், எடுத்ததும் பையைத் திறந்து வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் உருக விடுங்கள்.

அதனால் நீங்கள் சூடான புகையில் தொடங்குங்கள். மீன் துண்டின் கனமான இடத்தில் ஊசி வெப்பமானி செருகி, உள்சூடு 63 டிகிரிக்கு மேல் ஏறி அரை மணி நேரம் அங்கே நிற்க வேண்டும். கோழி, வாத்து 74 டிகிரி. கொத்திய இறைச்சி 71. முழுத் துண்டு இறைச்சி 63 தொட்டதும் இறக்கி 3 நிமிடமாவது வைக்க வேண்டும். உங்கள் அறை அந்தச் சூட்டுக்கு ஏறவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் புகை பிடித்ததும் சமையலறை அடுப்புக்கு உடனே மாற்றி வேக வைத்து முடியுங்கள், மணம் அப்படியே இருக்கும்.

இறைச்சியைக் குளிர் புகையில் நீண்ட நேரம் வைக்க நைட்ரைட் கலந்த உப்பு வேண்டும். 6.25 சதவீத நைட்ரைட் உள்ள கலவையில் ஒரு கிலோ இறைச்சிக்கு 2.5 கிராம். தராசு இல்லாமல் கண்ணளவில் அதைத் தொடாதீர்கள், அளவு மீறினால் விஷம். மீனையும் இறைச்சியையும் ஒன்றாகப் போடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேகும் நேரமும் உள்சூடும் வேறு வேறு, மீன் வாசனையும் இறைச்சியில் ஏறும். தனித்தனியாகவே போடுங்கள்.

அவசரப்படாமல் செய்ய வேண்டிய ஒன்று, புகைக்கு முன் உலர்த்துவது. லிட்டருக்கு 80 கிராம் உப்புக் கரைசலில் ஊறிய மீனைத் துடைத்து, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில், குளிர்சாதனப் பெட்டியாக இருந்தாலும் சரி, மூடாமல் வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் மேலே ஒரு மெல்லிய பளபளப்பான தோல் கட்டும். விரல் நுனியை வைத்து எடுத்தால் ஈரம் ஒட்டாது, விரலை லேசாக இழுத்துப் பிடிக்கும். உப்பு மேலே இழுத்துவந்த புரதம் உலர்ந்து உண்டாகும் தோல் அது. புகை அதில்தான் ஒரே சீராகப் படியும். அது கட்டாமல் உள்ளே வைத்தால் நிறம் கோடு கோடாக வழிந்து நிற்கும், வெண்மையான புரதமும் பிதுங்கி வரும்.

உளிச்சத்தம் ஐயா சொன்ன தனி அடுப்பை உடல்நலத்துக்காகவும் ஆதரிக்கிறேன். கொழுப்பு தீயில் சொட்டினாலும், கட்டை சுவாலை விட்டு மிக அதிகச் சூட்டில் எரிந்தாலும் பென்சோபைரின் மாதிரியான புற்றுநோய்க் காரணிகள் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2014இலிருந்து புகைபோட்ட மீனுக்கும் இறைச்சிக்கும் அதற்குக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று பொது வரம்பு வைத்திருக்கிறது. கட்டை சுவாலை விடாமல் கனிந்து புகைவதே நல்லது.

வலைத்தட்டு எழுதியது:

நீங்கள் போடுவது பெரும்பாலும் சின்ன மீன் என்றால் அலமாரி மாதிரி அறையே தேவையில்லை. கானாவின் சோர்கோர் மீனவர் குடியிருப்பின் பெயரில் ஒரு அடுப்பு இருக்கிறது, தேடிப் பாருங்கள். மண்ணிலோ சிமென்ட்டிலோ நீள்சதுர அடுப்பு, அதன்மேல் மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்த தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. தட்டுகளின் சட்டங்களே சேர்ந்து புகைப்போக்கியாகிவிடும், தனிச் சுவர் கிடையாது. அவ்வப்போது அடித்தட்டை மேலேயும் மேல்தட்டைக் கீழேயும் மாற்றினால் எல்லாம் சமமாக வேகும். தீ அடியில் இருப்பதால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதைக் குறையாகத்தான் சொல்வேன்.

புகை சமமாக ஏறாமல் இருப்பது எல்லோருக்கும் பழைய தலைவலி. 1939இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் டோரி ஆராய்ச்சி நிலையம் மின்விசிறி வைத்துப் புகையைக் கிடைமட்டமாக ஓட்டும் சூளையை உருவாக்கியதே இதற்காகத்தான். அதற்கு முன்பு உயரமான சூளைகளில் ஏறி இறங்கி, மீன் கோல்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

உளிச்சத்தம் எழுதியது:

உப்புமூட்டை சொன்னதற்கு நன்றி அம்மா. அந்தச் சூட்டு அளவுகளைத் தம்பி எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட வேண்டும்.

ஒரே அறையில் இரண்டும் முடியும் தம்பி. சூடான புகைக்கு அடுப்பில் சின்னத் தீயாக, காய்ந்த கட்டையாக எரியுங்கள். ஒன்றரை மீட்டர் குழாயில் சூடு கொஞ்சம் இறங்கினாலும் 80 டிகிரிவரை கொண்டுவர முடியும், குழாய்மேல் மண் அணைத்தால் இன்னும் நல்லது. குளிர் புகைக்குத் தீயே வேண்டாம். கம்பி வலைத் தட்டில் வளைந்து வளைந்து போகும் பாதையாக மரத்தூளைப் பரப்பி, ஒரு முனையில் பற்றவையுங்கள். ஊதுவத்தி மாதிரி மெல்லப் புகைந்துகொண்டே பல மணி நேரம் போகும், சூடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. மரத்தூள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து வாங்குங்கள். பிளைவுட் அறுத்த தூளோ, ரம்பச் சங்கிலி எண்ணெய் கலந்த தூளோ ஆகாது. என் பட்டறைத் தூளையே நான் இதற்குத் தருவதில்லை, எல்லா மரமும் அதில் கலந்திருக்கும்.

விறகுக்குப் பழமரங்கள் நல்லது, கொய்யா, ஆப்பிள், செர்ரி மாதிரி. ஓக், பீச் கிடைத்தாலும் சரி. பட்டையைச் சீவிவிடுங்கள். அரளியின் சுள்ளிகூட அந்தப் பக்கம் வரக் கூடாது, அதன் புகையும் நஞ்சு. சில பேர் சிராய்களைத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள். முதலில் ஆவிதான் வரும், புகை தாமதமாகும், அவ்வளவுதான். நிழலில் காய்ந்த கட்டைக்கு ஈடு இல்லை.

தூண்டில்காரன் எழுதியது:

கடைசியாக ஒன்று ஐயா. மழைக்காலத்தில் அறையைக் கொட்டகைக்குள் நகர்த்தி வைத்துக்கொள்ளலாமா?

உளிச்சத்தம் எழுதியது:

கூடாது. கனிந்து புகையும் தணலில் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும், அதற்கு வாசனை கிடையாது. நான்கு பக்கமும் அடைத்த கொட்டகையில் கண் எரியாத அளவு புகை இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். மழைக்குக் கூரைத் தகட்டை நான்கு பக்கமும் 20 செ.மீ. வெளியே நீட்டுங்கள், புகைப்போக்கிக்குத் தொப்பி வையுங்கள், அடுப்புக்குத் தனியாக நான்கு கால் பந்தல் போடுங்கள். வீட்டுச் சுவர், வேலி, தாழ்ந்த கிளை எல்லாவற்றிலிருந்தும் 3 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிற்கட்டும். வேலை நடக்கும்போது ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். முடிந்ததும் கதவைத் திறந்துபோட்டு உலரவிடுங்கள், மூடினால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கூரையில் தார் கட்டினால் சுரண்டி எடுங்கள், சோப்பு போடாதீர்கள், மரம் குடித்துவிடும்.

அடுப்பும் குழாயும் பொருத்தியதும், பலகை அறுப்பதற்கு முன்னால், பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். குழாயின் ஏற்றம் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன். செங்கல் வரிசையைக் கூட்டவோ குறைக்கவோ அப்போதுதான் வசதி.